மூன்று நாளாக அசையாத எண்

ஆர்.கே.புரம், தில்லி

அன்புள்ள சுந்தரவல்லிக்கு,

உன் முழங்கால் வலி தணிந்ததா? இதில் எழுதப் போவது:

1. என் உடல்நிலை.
2. ஜ்யோத்ஸ்னாவின் பொய்.
3. நீ அனுப்ப வேண்டியவை.

இருமல் இல்லை. சாத்தமுதுப் பொடி அனுப்பு. ஒருவனுக்கு எவ்வளவு அரிசி வைப்பது என்றும் எழுது; தினமும் மிஞ்சுகிறது.

இனி இரண்டாவது. மின்நிலையப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரிக்கும் கருவியைச் சோதிக்கிறோம் அல்லவா? பிரித்த பிறகு புகையில் மிஞ்சும் வாயு மூன்று நாளாக மீட்டரில் ஒரே அளவு, 1.2 சதவீதம். நிஜப் புகை இப்படி அசையாமல் இருக்காது. கருவியின் பொறுப்பாளர் ஜ்யோத்ஸ்னா, அது தேறிவிட்டது என்று என் கையெழுத்தை வாங்குவதற்காக எண்ணை இட்டுக்கட்டுகிறாள் என்று சந்தேகம். இயக்குநருக்குப் புகார் எழுதிவிட்டேன். கொடுத்தால் அவள் வேலை போய்விடும். இன்னும் கொடுக்கவில்லை.

மாலையில் தொடர்கிறேன். கொடுக்குமுன் அவளிடமே கேட்டேன். மீட்டருக்கு வரும் குழாயைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“அரே சார், மீட்டர் புகையையே பாக்கலை! சரிபார்க்க வச்ச சிலிண்டர் வாயுவைத்தான் அளந்துண்டிருக்கு. திங்கக்கிழமை வால்வைத் திருப்பினது யாரு?”

நான்தான். மீட்டரைச் சரிபார்த்துவிட்டு வால்வைப் பழைய நிலைக்குத் திருப்ப மறந்திருக்கிறேன்.

“அச்சா, விடுங்கோ. சாய் குடிக்கலாம்” என்றாள்.

புகாரைக் கிழித்துவிட்டேன். தபால் எடுக்கும் நேரம். இரண்டாவதாக எழுதியது தவறு. அதை அடிக்காமல் அனுப்புகிறேன். நான் அவளை அப்படி நினைத்தது உனக்காவது தெரியட்டும்.

பத்ரி