வலிக்கும்போது சொல்லும் சொல்

என் தங்கத்துக்கு,

கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பதறாதே. நான் சொல்லச் சொல்ல எதிர்வீட்டுப் பெண் எழுதுகிறாள்.

கால் சென்டர் வேலைக்காக நீ வெள்ளைக்காரர்களின் பேச்சுவழக்கைப் பழகியபோது, ரிமோட்டைக் காதில் வைத்துக்கொண்டு கோபக்கார வாடிக்கையாளராக நடித்தவள் நான். "சிரிக்காம திட்டும்மா!" என்பாய். நான் திட்டத் திட்ட, "நோ வொரிஸ்" என்பாய்.

இப்போது அதெல்லாம் உன் நாக்கில் ஊறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போதே முட்டியை இடித்துக்கொண்டு, "அவுச்!" என்றாய். சின்ன வயதிலிருந்து எங்கே அடிபட்டாலும் "அம்மா" என்றுதான் கத்துவாய்.

மறுநாள் நான் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். வலது கைதான், நோ வொரிஸ். என் அம்மா போய் எத்தனையோ வருடமாகிறது. அப்போதும் அவளைத்தான் கூப்பிட்டேன்.

லீவு போட்டு ஓடி வராதே. அடுத்த தடவை இடித்துக்கொண்டால், பக்கத்தில் ஆபீஸ்காரர்கள் யாரும் இல்லையென்றால், பழையபடியே கத்து.

அம்மா