தகட்டு அறையில் ஒரு ஓட்டை

மே 4, ஞாயிறு

மீன்பிடித் தடைக்காலம் இருபதாம் நாள். லாஞ்சு காசிமேட்டில் கட்டிக் கிடக்கிறது, நான் திருவொற்றியூரில் வீட்டோடு கிடக்கிறேன். கடலில் தினம் ஆழமும், வலையில் விழுந்த பாடும் குறித்துப் பழகிய கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. சரி, வீட்டை எழுதுவோம்.

மாடி அறையிலிருந்து மகள் ஜோதிகா கத்தினாள். ஐந்து பெண்கள் சேர்ந்து கம்ப்யூட்டரில் ஆடும் துப்பாக்கி ஆட்டம், மாநில அளவுப் போட்டி. பாதியில் நெட் போய்விட்டதாம். வைஃபை பெட்டி கீழே, அவள் மேலே. "டவரே ஏறல நைனா. இன்னொரு தபா கட் ஆனா யசோதரா என்னத் தூக்கிட்டு வேற ஆளப் போட்டுருவா." யசோதரா வியாசர்பாடிப் பெண், டீமுக்குத் தலைவி.

கீழே வந்து ஆடேன் என்றேன். கீழே ஒரே அறை. என் மனைவி நீலாவிடம் கருவாடு வாங்க வருகிறவர்கள் பேசுவதெல்லாம் மைக்கில் கேட்குமாம். நியாயம்தான்.

இருபத்திரண்டு வருஷமாக லாஞ்சு ஓட்டி, ஒயர்லெஸ்ஸில் பேசுகிறவன் நான். எனக்கா தெரியாது?

மே 6

லாஞ்சில் ஆன்டெனாவை எங்கே வைப்போம்? கம்பத்தின் உச்சியில். அதையே செய்தேன். பெட்டியைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, கைப்பிடிச் சுவரோரம் பதினைந்து அடிப் பைப் நிறுத்தி உச்சியில் கட்டினேன். தெருவே நின்று பார்த்தது. சரிபார்க்கச் சொல்லி, தெருமுனை டீக்கடை பஷீர் பாய்க்குப் பாஸ்வேர்டுகூடக் கொடுத்தேன்.

மே 7

பஷீர் பாய் கடையில் ஃபுல் டவர். பாய் எனக்கு ஓசியில் டீ கொடுத்தார். நேர் கீழே இருக்கிற ஜோதிகாவுக்கு ஒரு கோடுதான். "ஊருக்கெல்லாம் குட்த்துட்டு எனக்கு இன்னா வெச்சிக்கீற?" என்கிறாள்.

கம்பத்தை இறக்கிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

மே 12

சிக்னலை வாங்கித் தள்ளும் பெட்டி ஒன்றை வாங்கி வந்து அவள் அறைக்குள் வைத்தேன். அதற்கே சிக்னல் வரவில்லை, எதைத் தள்ளும்? நீலா சிரித்தாள். "பொட்டி நல்லாத்தான் கீது. நீ கட்ன ரூமுதான் கோளாறு."

கத்திவிட்டேன். பழைய கண்டெய்னரின் இரும்புத் தகட்டை வாங்கி நானே கட்டிய அறை அது. டிசம்பர் புயலில் அக்கம்பக்கத்துக் கூரையெல்லாம் பறந்தது, என் அறை அசையவில்லை. அதில் ஒரு ஆணி அடிக்க யாரையும் விட்டதில்லை. இந்த உப்புக் காற்றில் ஓட்டை விழுந்தால் துரு தின்றுகொண்டே போகும். காலண்டர்கூடக் காந்தத்தில்தான் தொங்குகிறது. அதைப் போய்க் கோளாறு என்றால்?

மே 13

நான் நீலாவோடு பேசவில்லை. ஜோதிகா என்னோடு பேசவில்லை.

மே 19

லாஞ்சில் இன்ஜின் வேலை. நீலா போன் செய்தாள். பேசிக்கொண்டே இன்ஜின் ரூமுக்குள் இறங்கினேன், "ஜோதிகா காலைலேர்ந்து சாப்ட—" கட். மேலே ஏறினேன், தெளிவாகக் கேட்டது. இறங்கினேன், கட். மூன்று முறை ஏறி இறங்கிப் பார்த்தேன். எங்களுடையது இரும்பு லாஞ்சு.

இது எனக்குத் தெரியாததா? கீழே போன் எடுக்காது என்று புது ஆட்களுக்கு நான்தானே சொல்வேன்? அடப்பாவி செல்வம், பெத்த பொண்ண இன்ஜின் ரூம்ல உட்கார வெச்சிட்டு டவர் தேடிகினு கீறியே!

ஒயர்லெஸ் ஒயரை, லாஞ்சு ஓட்டும் வீல்ஹவுஸ் அறையின் தகட்டைத் துளைத்துத்தான் உள்ளே எடுப்போம். அப்படியானால் என் சுவரையும் துளைக்க வேண்டும்.

மே 21

டிரில் மெஷினைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றது உண்மை. ஜோதிகா பார்த்துவிட்டாள். "வோணாம் நைனா. நா கீழயே ஆடிக்கிறேன்."

"தள்ளிக்க" என்றேன்.

அரை அங்குல ஓட்டை. விளிம்பில் ரெட் ஆக்சைடு பூசி, ரப்பர் வளையம் மாட்டி, ஒயரை இழுத்து, எம்-சீல் வைத்து அடைத்தேன். லாஞ்சில் செய்வது போலத்தான். சொட்டுத் தண்ணீர் இறங்காது. கீழே பெட்டியில் ஒரு முனை, மேலே கம்ப்யூட்டரில் மறு முனை.

பிங் என்பது இங்கே அழுத்தியது அங்கே போய்த் திரும்புகிற நேரமாம். இருநூறு இருந்தது பதினொன்றாகிவிட்டது. நம்பாமல் மறுபடி மறுபடி பார்த்தாள். நீலாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அறையைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை, நல்லவள்.

ஜூன் 1, ஞாயிறு

அரையிறுதி ஜெயித்துவிட்டார்கள். ஃபைனல் ஜூன் 17. தடை முடிந்து அன்றைக்கு நான் கடலில் இருப்பேன்.

ஜூன் 15

விடிகாலையில் புறப்பட்டோம். எண்ணூர்ப் புகைபோக்கிகள் மறைந்து கொஞ்ச நேரத்தில் போன் டவரும் போய்விட்டது.

ஜூன் 18

நேற்று முழுக்க இருப்புக்கொள்ளவில்லை. இறால் பாடு நல்ல பாடு, மனம் அதில் இல்லை.

காலையில் ஒயர்லெஸ்ஸில் விமல் குரல். எங்கள் தெருக்காரன், நேற்று சாயந்திரம்தான் அவன் லாஞ்சு கிளம்பியிருக்கிறது. "செல்வம் மாமு, நீலாக்கா சேதி சொல்லச் சொல்ச்சு."

"நடுவுல கட் ஆச்சாடா?"

"ஒரு தபாகூட ஆவலயாம்."

"அப்ப சரி."

"இன்னாத்த சரி? உன் பொண்ணு கெலிச்சிகீது மாமு! அத்தக் கேக்கவே இல்லியே நீ!"

கேட்டுக்கொண்டிருந்த மற்ற லாஞ்சுக்காரர்களெல்லாம் கூவ ஆரம்பித்துவிட்டார்கள். பட்டனை அழுத்தினேன், எனக்குப் பேச்சு வரவில்லை. செட்டில்தான் கோளாறு என்று நினைத்து விமல், "மாமு, கேக்குதா? மாமு, கேக்குதா?" என்று கத்திக்கொண்டே இருந்தான்.

கேட்டதுடா. நன்றாகக் கேட்டது.