கலோமாத் தீவின் தண்ணி மந்திரிக்கு

அன்பு மகன் மாரிச்செல்வத்துக்கு, கண் ஆப்பரேசன் ஆகி நான் எழுதக் கூடாதுங்கிறதால அம்மா சொல்லச் சொல்ல உன் தம்பி முத்துகிருஷ்ணன் எழுதுறான். இங்கன அய்யாவோட முழங்காலத் தவிர எல்லாம் நல்லாருக்கு, அங்கன நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்போட இருந்தாப் போதும்.

உன் கடுதாசி வந்ததுலேருந்து எனக்கு ஒண்ணும் ஓடலய்யா. வாலிநோக்கத்து உப்பளத்துல இருந்த பிள்ள கலோமாத் தீவு உப்பளத்துக்குப் போறேன்னப்ப, எங்க போனாலும் உப்புதானேன்னு அனுப்புனேன். இப்ப அந்த நாட்டுக்கே ஒரு வருசத்துக்குத் தண்ணி மந்திரிங்கிற. கட்சி கிடையாதாம், ஓட்டுக் கிடையாதாம், ஆசைப்படுறவன் ஆளக் கூடாதுங்கிறதுதான் அவங்க கொள்கையாம், அஞ்சு வருசம் அங்கன வேலை பாத்த எல்லார் பேரையும் பானையில போட்டுக் குலுக்கி எடுப்பாங்களாம், அதுல உன் பேரு வந்துச்சாம். பக்கத்து வீட்டுச் சோணையம்மாள் கேட்டுட்டு, அப்ப சேலையும் குடமும் யாரு குடுப்பான்னா. கண்மாய்த் தண்ணியப் பாக்காத ஊர்க்காரன் தண்ணிக்கு மந்திரியான்னு அய்யா ஒரு நா முழுக்கச் சிரிச்சாரு. (மந்திரி அண்ணே, நான் முகம் கழுவி ரெண்டு நாளாச்சு, ஒரு லாரி அனுப்புங்க.)

சிரிச்சு முடிஞ்சப்புறந்தான் மத்தது உறைச்சது. வருசம் முடியிற வரைக்கும் மந்திரி கரையத் தாண்டக் கூடாது, போன் வச்சுக்கக் கூடாது, வரணும்னா ஊருக்கு முன்னால நின்னு என்னால ஏலாதுன்னு மூணு தரம் சொல்லணும், சொன்னா திரும்ப அந்த நாட்டுல கால் வைக்க முடியாதுன்னு எழுதியிருக்க. உன் அக்கா நாகஜோதி மகளுக்குக் காதுகுத்து உனக்காக ரெண்டு தரம் தள்ளியாச்சு, மாமன் மடிக்குக் காத்திருந்தே பிள்ள பெரிய மனுசியாயிரும்னு அவ மாமியார் ஏசுறா. சொல்லிட்டு வந்துரவான்னு கேட்டிருக்க. போன வாரம் வாடான்னுதான் எழுதச் சொன்னேன், பொய் என்னத்துக்கு. அக்கா அந்தத் தாளக் கிழிச்சுட்டா. ஏலாதவன்னு பேரு வாங்கிட்டு வந்து என் மகள அவன் மடியில வைக்க வேணாம், எனக்கு இன்னொரு தம்பியும் இருக்கான்னா.

வெள்ளிக்கிழமை குத்தியாச்சுய்யா. உன் வேட்டிய மடியில விரிச்சு இவன்தான் உக்காந்தான். பிள்ளயவிட இவன் கத்துனதுதான் சாஸ்தி. (அது என்னக் கடிச்சுருச்சு அண்ணே, தழும்பு இருக்கு.) எல்லாரும் சாப்பிட்டுப் போனாங்க, எனக்குத்தான் இறங்கல.

நீ வராததுக்கு ஈடா ஒண்ணு மட்டும் செய்யி. தண்ணி வருதான்னு ஆபீஸ்ல உக்காந்து கேக்காத, தெருவுல கடைசி வீடு வரைக்கும் நடந்து போயி, குழாயத் திறந்து பாரு. நான் இருபத்தாறு வருசமா கடைசி வீட்டுக்காரி.

வருசம் முடிஞ்ச மறுநா கப்பலேறிரு. உத்தரகோசமங்கை மங்களநாதர் உன்னக் காப்பாத்தட்டும்.

உன் வரவைப் பாத்திருக்கும்
அம்மா ராமலெட்சுமி