மணலுக்கு நல்ல மாதம்

மைசூரு, தேவராஜ மொஹல்லா
14.11.2021

கண்ணு அஷ்வினி,

அப்பா சுகம். போனில் நீ பேசுவது இந்தக் காதுக்கு வெறும் இரைச்சலாக வருகிறது. அதனால் பூக்கடை மகேஸ்வரியிடம் சொல்லி எழுத வைக்கிறேன்.

பாலைவனத்தைப் படம் எடுக்க எந்த மாதம் நல்லது என்று கேட்டிருக்கிறாய். ஜெய்சல்மேர் பக்கம் கால்வாய் வேலைக்கு மூன்று வருஷம் மண் சுமந்தவன் நான். சித்திரையில் போ. குளிர்காலத்தில் ஊர்ப்பட்ட கூட்டம் வந்து மணலை மிதித்துப் போடும். சித்திரைக் காற்று ஒரு காலடி இல்லாமல் துடைத்து வைக்கும்.

தையில் அம்மா திதிக்கு எப்போதும்போல் வந்துவிடு. மார்க்கெட்டுக்கு அவரைக்காய் வர ஆரம்பித்துவிட்டது.

அப்பா வேலாயுதம்

ஜெய்சல்மேர்
6.5.2022

அன்புள்ள அப்பாவுக்கு,

காலடி இல்லை, அது நிஜம். ஆனால் வானமும் இல்லை. பத்து நாளும் புழுதி, தலைக்கு மேலே வெள்ளைத் துணி கட்டியதுபோல. மணல்மேட்டில் நிழலே விழவில்லை. நேற்றைய காற்றில் கேமராவுக்குள் மணல் போய்விட்டது. புத்தகத்துக்கு ஒரு படமும் தேறாது. பதிப்பகத்தார் இன்னும் ஒரே ஒரு முறை அனுப்புவார்கள்.

எனக்கு உங்களைப் பற்றித்தான் கவலை. நான் நடக்கத் தொடங்கிய கிழமையைக்கூடச் சொல்கிறவர், இந்தப் புழுதியை எப்படி மறந்தீர்கள்? டாக்டரிடம் காட்ட வேண்டும். ஆனியில் வந்து ஒரு மாதம் உங்களோடு இருக்கிறேன்.

அஷ்வினி

மைசூரு
20.5.2022

கண்ணு,

நீ ஒரு மாதம் இருக்கப்போகிறாய் என்ற வரியை மகேஸ்வரியை மூன்று தடவை படிக்கச் சொன்னேன்.

நான் எதையும் மறக்கவில்லை. எண்பத்தாறு சித்திரை பதினேழு, புதன்கிழமை. அன்று அடித்த புழுதியில், என்னோடு மண் சுமந்த காளிதாஸ் பக்கத்தில் நின்றும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டுதான் கொட்டகைக்கு வந்து சேர்ந்தோம். தை மாதம் அப்படியில்லை. வெயில் சாய்ந்தே போகும். ஒவ்வொரு மணல் வரிக்கும் ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் கறுப்பு. கூட்டம் வருமுன், விடிந்ததும் மேடு ஏறிவிடு.

முதல் கடிதத்தில் தை என்று சொல்லியிருந்தால் நீ திதிக்கு வந்திருக்கமாட்டாய். வருஷத்தில் அந்தப் பத்து நாள்தான் இந்த வீட்டில் இரண்டு தட்டு. அன்றைக்கே மகேஸ்வரி செல்லில் தேடிப் பார்த்துவிட்டு, "மாமா, குளிர்காலந்தான் நல்லதுன்னு இதுல இருக்கே" என்றாள். "நான் சொல்றத எழுதும்மா" என்றேன். இப்போது இதை எழுதும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆனியில் வராதே. அந்த லீவைத் தைக்கு வைத்துக்கொண்டு அங்கேயே போ. திதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அப்பா

மைசூரு
11.2.2023

கண்ணு அஷ்வினி,

ஒன்பது மாதம் உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. நேற்று உன் படம் வந்தது. மகேஸ்வரி உறையை உதறிப் பார்த்தாள், படத்தின் பின்புறமும் பார்த்தாள். "திட்டிக்கூட ஒரு வரி எழுதல மாமா" என்றாள். கொடு என்று வாங்கிக்கொண்டேன். இதைப் படிக்க எனக்கு யாரும் வேண்டாம்.

இன்று அம்மாவுக்குத் திதி கொடுத்தேன். அவரைக்காய் வாங்கினேன். உரிக்க உட்கார்ந்தபோதுதான் ஒரு ஆளுக்கு இது அதிகம் என்று தெரிந்தது. பாதியை மகேஸ்வரிக்குக் கொடுத்துவிட்டுப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டேன்.

தை மாத மணல்தான். வரி வரியாக நிழல். மேட்டின்மேல் ஒரே வரிசைக் காலடி. செருப்பில்லாமல் ஏறியிருக்கிறாய். இடது கால் கொஞ்சம் வெளியே சாய்ந்து விழுந்திருக்கிறது; உன் நடை எனக்குத் தெரியாதா. குதிகால் இந்தப் பக்கம், விரல்கள் அந்தப் பக்கம். போகிற அடி.

வெளிச்சம் நன்றாக விழுந்திருக்கிறது, கண்ணு.

அப்பா