ராணியின் கழுத்தடி எழுத்துகள்

1956, தை, வெள்ளிக்கிழமை.

எட்டு வருடமாக அந்த விக்டோரியா ராணி வெள்ளி ரூபாயை அழுக்கோடுதான் வைத்திருந்தேன். ராணியின் கழுத்தடியில் தேய்ந்துபோன இரண்டு எழுத்துகள் உண்டு. அதே வருடத்து மற்ற ரூபாய்களின் அச்சு வேறு, இதன் அச்சு வேறு என்பதற்கு அவைதான் சாட்சி. லென்ஸ் வைத்தால்தான் தெரியும். நேற்று வாய் சும்மா இராமல், இது அபூர்வமான காசு என்று மனைவியிடம் சொல்லித் தொலைத்தேன்.

இன்று சாமி படத்துக்கு முன்னால் அது பளபளவென்று இருந்தது.

"அத்தன ஒசந்த காசுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க? அதான் புளியும் செங்கத் தூளும் போட்டு நல்லாத் தேச்சுப் பூசைல வெச்சனுங்க."

ராணியின் கழுத்தில் குங்குமம் வேறு. அதைத் துடைத்துவிட்டு லென்ஸில் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. எழுத்து போனதைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

குங்குமத்தைத் துடைத்துவிட்டேனென்று அவள்தான் இன்னும் என்னோடு பேசவில்லை.