கரை மாறிய செய்தி

முசரவாக்கம்
22.1.2024

பிரவீனா அப்பாவுக்கு,

வடிவு எழுதுவது. போனில் பேசினால் சண்டையில் முடிகிறது. அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். மார்ச் மூன்று மகளுக்குக் கல்யாணம். தீபாவளிக்கும் வரவில்லை, பொங்கலுக்கும் வரவில்லை. செங்கடலில் யாரோ கப்பல்மேல் குண்டு போட்டால், மாலத்தீவில் அரிசிக் கிடங்கு பார்க்கிற உங்களுக்கு ஏன் லீவு கிடைக்காது? “இன்னா வடிவு, உன் வூட்டுக்காரரு அங்க நாட்டையே காத்துக்கினு இருக்காரா?” என்று அண்ணன் ராஜவேலு கேட்கிறார்.

முகூர்த்தப் புடவையை நானே நெய்கிறேன். பச்சைக் கரை. அரக்குதான் வேண்டுமென்றால் உடனே சொல்லுங்கள்.

வடிவு

மாலே
28.1.2024

அன்பு வடிவு,

பச்சையே இருக்கட்டும்.

இங்கே நெல் விளைகிற வயல் கிடையாது. அரிசி, மாவு, டீசல் எல்லாம் கப்பலில்தான். பெரிய கப்பல்கள் பயந்து ஆப்பிரிக்காவைச் சுற்றுகின்றன, கொழும்பில் நெரிசல், எங்கள் சரக்கு அங்கே வரிசையில் கிடக்கிறது. கிடங்கில் இருபத்தாறு நாளுக்குத்தான் அரிசி. வெளித்தீவுக்காரர்கள் படகோடு வந்து நிற்கிறார்கள், அளந்துதான் கொடுக்கிறேன். இந்த நாட்டைப் பிடிக்க எதிரி வர வேண்டியதில்லை, கப்பல் வராமலிருந்தால் போதும்.

சரக்கு இறங்கியதும், பிப்ரவரி 25 கிளம்பிவிடுவேன்.

ராமராஜன்

மாலே
4.2.2024

வடிவு,

அவசரமாக இரண்டு வரி. கரையை மாற்ற வேண்டியதாகிவிட்டது. பதினைந்து நாள் கூடும். தக்கபடி செய்துவிடு.

ராமராஜன்

முசரவாக்கம்
18.2.2024

பிரவீனா அப்பாவுக்கு,

செய்துவிட்டேன். நாலு முழம் நெய்ததை அறுத்துப் போட்டு, அரக்குக் கரை ஏற்றி, இன்றுதான் புடவையைத் தறியிலிருந்து இறக்கினேன். பதினைந்து நாள் என்று சரியாகத்தான் சொன்னீர்கள்! பச்சை என்பீர்கள், ஒரு வாரத்தில் மாற்று என்பீர்கள். என் கை என்ன இயந்திரமா?

பத்திரிகை கொடுத்து முடித்தாயிற்று. 25 அன்று எத்தனை மணிக்கு விமானம்?

வடிவு

மாலே
19.2.2024

வடிவு,

அடக் கடவுளே, நான் சொன்னது கப்பல் ஒதுங்குகிற கரை! கொழும்பில் இடமில்லாமல் சரக்கை வேறு துறைமுகத்தில் இறக்கிவிட்டார்கள். மார்ச் பத்துக்கு முன் இங்கே வராது. கல்யாணத் தேதியைத் தள்ளச் சொன்னேன். தறிக்காரியிடம் கரை என்று எழுதியது என் தப்பு.

சேதி வந்த அன்றே அளவைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். அதனால் கப்பல் வரும்வரை அரிசி தாங்கும். இந்த நேரத்தில் சாவியைக் கொடுத்துவிட்டு வர மனசு வரவில்லை. தேதியை இப்போது மாற்ற முடியுமா?

ராமராஜன்

முசரவாக்கம்
5.3.2024

பிரவீனா அப்பாவுக்கு,

மாற்றவில்லை. “கப்பல் வர்லன்னு கல்யாணத்த நிறுத்துவாங்களாமா?” என்று சம்பந்தி கேட்டார். அண்ணனும் அண்ணியும்தான் தாரை வார்த்தார்கள்.

மாப்பிள்ளையின் பெரியம்மா காமாட்சியம்மாள், “பொண்ணோட அப்பா எங்கமா?” என்றார். எரிச்சலில் “அரிசியோட இருக்காரு” என்று சொல்லிவிட்டேன். நாலு பேர் எழுந்து சமையல்கட்டில் போய்த் தேடினார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிரவீனா சிரிக்கவில்லை. புருஷன் வீட்டுக்குக் கிளம்பும்போது உங்கள் நம்பரைத் தன் போனிலிருந்து அழித்துவிட்டாள். நான் தடுக்கவில்லை.

அங்கே எல்லாரும் சாப்பிட்டார்களா?

வடிவு