குணமானவரைப் பார்க்க வந்தவள்

ராஜியின் அப்பாவுக்கு, உங்கள் வீட்டுக்காரி நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது.

இத்தனை வருஷக் குடித்தனத்தில் உங்களை ஒரு தடவைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது மட்டும் என்ன, இப்படியே எழுதுகிறேன். எழுதி முடித்ததும் இதை ஒரு பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். நான் வாயால் சொன்ன எதை நீங்கள் நம்பினீர்கள்? அச்சில் வந்தால்தான் உங்களுக்குக் காது கேட்கும்.

மாட்டுங்கா அப்படியேதான் இருக்கிறது. விடிந்ததும் டிராம் வந்து திரும்புகிற சத்தம் கேட்கிறது. சண்டை முடிந்துவிட்டது என்று பேப்பரில் போட்டார்கள்; ரேஷன் கடைக்காரனுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது, வரிசை முன்னைவிட நீளம். ராஜி நாக்பூரிலிருந்து எழுதுகிறாள், குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதாம். உங்கள் தம்பி மணி தன் குடும்பத்தைப் பாலக்காட்டில் விட்டுவிட்டு என்னோடு வந்து இருக்கிறான். காலையில் ஆபீஸ் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவான்.

நான் சமையலறையை ஒட்டின உள் அறையில் இருக்கிறேன். நீங்கள் போய் வருஷம் திரும்புகிறவரை வாசலில் தலை காட்டக் கூடாது, வந்தவர் எதிரே போகக் கூடாது. எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம்தான், மணியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பகல் முழுவதும் பேச ஆள் இல்லை. சில நாள் பால்காரனுக்குச் சொல்லும் 'போதும்' ஒன்றுதான் என் பேச்சு.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. அதைச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

விளம்பரத்தை நம்புகிறவரா நீங்கள்? கூந்தல் தைலம், தாதுபுஷ்டி லேகியம் எல்லாவற்றையும் காலரித் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து உரக்கப் படித்து அடுத்த வீடுகளைச் சிரிக்க வைப்பீர்களே. "இவன் தைலத்தைத் தடவினா உள்ளங்கையிலேயும் மொளைக்கும் ஓய்" என்பீர்கள். அப்படிப்பட்டவரை எப்படி வளைப்பது என்று அந்த மதராஸ் பத்திரிகைக்காரனுக்குத் தெரிந்திருந்தது. உங்கள் நீரிழிவுக்கு என்று வந்த அந்தச் சூரணத்தை அவன் விளம்பரப் பக்கத்தில் போடவில்லை. தலையங்கத்துக்கும் தொடர்கதைக்கும் நடுவில், நிருபர் நேரில் போய்ப் பார்த்து எழுதின மாதிரி கட்டுரையாகப் போட்டான். 'ஊசிக்கு விடை கொடுத்தவர்கள்' என்று தலைப்பு. நீரிழிவில் கிடந்து எழுந்த தாசில்தார், வக்கீல், பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் எல்லாரும் அதில் இருந்தார்கள். கடைசி வரியில் சூரணம் கிடைக்கிற விலாசமும் இருந்தது.

கட்டுரையில் கடை விலாசம் எதற்கு என்று கேட்டேன். "படிக்கறவாளுக்கு உபகாரமா இருக்கட்டுமேன்னு போட்டிருக்கான்" என்றீர்கள்.

நீங்கள் அலுத்துப் போயிருந்தீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். சண்டைக் காலத்தில் இன்சுலினுக்காகப் பம்பாய்க் கோட்டைப் பக்கம் கடைகடையாக அலைந்தது யாருக்கு மறக்கும்? தினம் காலையில் கண்ணாடி ஊசியைக் கொதிக்க வைப்பது என் வேலை, காபிக்குத் தண்ணீர் வைப்பதற்கும் முன்னால். டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி நான்தான் குத்துவேன். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள். நம் இருவருக்கும் கையைப் பிடித்துக்கொள்ள அது ஒரு சாக்கு. ஊசி வேண்டாம் என்று நீங்கள் சொன்ன அன்று அதுவும் போயிற்று.

சூரணம் வி.பி.பி. தபாலில் வந்தது. கூடவே பத்தியம்: அரிசி கூடாது, கிழங்கு கூடாது, சாயங்காலம் வேர்க்க வேர்க்க நடக்க வேண்டும். டாக்டர் வருஷக்கணக்காகத் தொண்டை வறள எதைச் சொன்னாரோ அதேதான். அவர் சொல்லிக் கேட்காதவர் பத்திரிகை சொன்னதும் கேட்டீர்கள். உடம்பு லேசாயிற்று, தூக்கம் வந்தது. பேர் சூரணத்துக்குப் போயிற்று. அந்தத் தெம்பில் கோட்டும் தலைப்பாகையும் போட்டுக்கொண்டு போய்ப் படம் எடுத்து, 'தங்கள் கட்டுரையால் பிழைத்தேன்' என்று நீங்களே பத்திரிகைக்கு எழுதிப் போட்டீர்கள்.

பிறகு, குணமானவனுக்குப் பத்தியம் எதற்கு என்று சர்க்கரை போட்ட காபி கேட்டீர்கள். அதுவரை நம் ரேஷன் கார்டுச் சர்க்கரையை வாங்கிக்கொண்டு போன எதிர்வீட்டு மாமிக்கு முகம் விழுந்துவிட்டது. நான் பயந்து, டாக்டர் தந்திருந்த நீல மருந்தில் உங்கள் சிறுநீரை விட்டுக் காய்ச்சிப் பார்த்தேன். நீலம் போய்ச் செங்கல் நிறம், அவ்வளவு சர்க்கரை. கண்ணாடிக் குழாயோடு கொண்டுவந்து உங்கள் மூக்குக்கு நேரே காட்டினேன். "வியாதி வெளியே போறது. முதல்ல அப்படித்தான் காட்டும்னு போட்டிருக்கான்" என்றீர்கள். நான் எதைக் காட்டினாலும் அதற்கும் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தானே அந்த மகராஜன்.

முதுகில் ராஜபிளவைக் கட்டி வந்தபோது டாக்டர் வந்து பார்த்துவிட்டு, ஊசியை நிறுத்தி எவ்வளவு நாளாயிற்று என்றுதான் முதலில் கேட்டார். மறுபடி ஊசி போட்டோம், அறுத்துச் சுத்தம் செய்தார்கள், ஒன்றும் தாங்கவில்லை. உங்களுக்குத் தெரியாததை நான் என்ன சொல்ல?

உங்களுக்குத் தெரியாதது அதற்குப் பிறகு நடந்ததுதான். உங்கள் காரியங்கள் முடிவதற்குள்ளேயே அந்த இதழ் வந்தது. கோட்டும் தலைப்பாகையுமாகச் சிரித்துக்கொண்டு நீங்கள். 'மாட்டுங்காவில் பூரண குணமடைந்த ரயில்வே உத்தியோகஸ்தர்' என்று கீழே பெயரும் கட்டடத்தின் பெயரும். நடந்ததை எழுதி, படத்தை எடுத்துவிடும்படி ஒரு கார்டு போட்டேன். பதில் இல்லை. அடுத்த மாதமும் உங்கள் படம் வந்தது, அதற்கடுத்த மாதமும். அங்கே நீங்கள் மாதாமாதம் குணமாகிக்கொண்டே இருக்கிறீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களைப் பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

தாராவியிலிருந்து ஒருவர் வந்தார், தோல் மண்டியில் மேஸ்திரி, திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். "சாமி சொகமா இருக்காவளா?" என்றார். மணி வாசலில் நின்றபடியே, "சௌக்கியமா இருக்கார். ஊருக்குப் போயிருக்கார்" என்றான். "அப்பம் நம்பி ஊசிய விட்டுரலாங்கீயளா?" என்று அவர் கேட்டதற்கு, "அது உங்க இஷ்டம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினான். அந்த மனுஷர் ஊசியை விட்டாரா? இப்போது எப்படி இருக்கிறார்? பெயரைக்கூட மணி கேட்டுக்கொள்ளவில்லை, யாரிடம் போய் விசாரிப்பேன்?

ஏன் இப்படிச் சொன்னாய் என்று மணியைக் கேட்டேன். அவன் கண் கலங்கிவிட்டது. "அண்ணாவைப் பத்தி நாலு பேர் இளப்பமாப் பேசணுமா மன்னி? அவ்வளவு பெரிய ஆபீஸ்ல இருந்தவர் ஒரு பொடிக்கு ஏமாந்து உயிரை விட்டார்னு ஊரெல்லாம் சொல்லணுமா?" என்றான். அவனுக்கு உங்கள்மேல் பிரியம். உங்கள் மானத்தைக் காப்பாற்றுகிறானாம். அதற்கப்புறம் வந்தவர்களுக்கும் அதே பதில்தான்.

இந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை செம்பூரிலிருந்து ஒருத்தி வந்தாள். குர்லாவில் வண்டி மாறி, தனியாகவே வந்திருந்தாள். குரலைக் கேட்டால் நம் ராஜி வயதுதான் இருக்கும். "இந்தப் படத்துல இருக்கற மாமாவைப் பார்க்கணும்" என்றாள்.

மணி வழக்கமான பதிலைச் சொன்னான். அவள் போகவில்லை.

"எங்காத்துக்காரர் ஊசியே வேண்டாங்கறார். பொடி வந்து அலமாரியில இருக்கு. நான்தான் குணமானவா ஒருத்தரையாவது கண்ணால பார்த்துட்டு வந்துடறேன்னு கெஞ்சினேன். சரி போ, நீ வரவரைக்கும் போட்டுக்கறேன், அவர் நன்னா இருக்கார்னா நாளையிலேர்ந்து நிறுத்திடுவேன்னார். மாமா நிஜமாவே சௌக்கியமா இருக்காரோல்லியோ?"

"ரொம்ப சௌக்கியம்" என்றான் உங்கள் தம்பி.

"அப்பாடா. அது போதும் எனக்கு" என்றாள்.

அந்த 'அப்பாடா'வைக் கேட்டு உள் கதவு வரை வந்துவிட்டேன். புருஷன் பிழைக்க வேண்டும் என்று மஞ்சளும் குங்குமமுமாகப் புறப்பட்டு வந்தவள். அவள் திரும்பிப் போகிற சமயத்தில் நான் எதிரே வரலாமா? இன்னும் வருஷம்கூடத் திரும்பாதவள்? சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம் அது. உங்கள் அம்மா இருந்தால் என்னை உள்ளே தள்ளித் தாழ்ப்பாள் போட்டிருப்பார். நானே அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன், நிஜமாகச் சொல்கிறேன். என் கண்ணால் அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால்? ஆனால் என்னைப் பார்க்காமல் போனால் நிச்சயம் ஆகிவிடுமே.

வந்தேன். மணி "மன்னி" என்று கையை நீட்டுவதற்குள் கூடத்தைத் தாண்டி வாசலில் அவள் எதிரே போய் நின்றுவிட்டேன்.

அவள் என் நெற்றியைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள். கையிலிருந்த பத்திரிகையைப் பார்த்தாள்.

"நீங்க... மாமாவுக்கு..."

"ஆம்படையாள்" என்றேன்.

மணி செருப்பை மாட்டிக்கொண்டு மாடிப்படி இறங்கிப் போய்விட்டான். அவள் அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொண்டுவந்தேன். என் கையால் வாங்கிக் குடிப்பாளோ என்று யோசித்தேன், குடித்தாள். பிறகு கூடத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன்: பத்தியத்தை, லேசான உடம்பை, செங்கல் நிறத்தை, முதுகை. ராஜபிளவையைச் சொல்லும்போது அழுதுவிட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நீங்கள் போனபிறகு யாரும் என் கையைத் தொடவில்லை. அதனால் இன்னும் அழுதேன், உங்களுக்காக மட்டும் இல்லை.

கிளம்பும்போது கூடத்தில் தயங்கினாள். வந்த சுமங்கலியைக் குங்குமம் கொடுக்காமல் அனுப்பக் கூடாது. நான் கொடுக்கவும் கூடாது. இரண்டு பேரும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றோம். "சிமிழ் எங்க இருக்குன்னு சொல்லுங்கோ மாமி, நானே எடுத்துக்கறேன்" என்றாள். சுவாமி அலமாரியைக் காட்டினேன். எடுத்து இட்டுக்கொண்டு, என்னை விழுந்து நமஸ்காரம் செய்துவிட்டுப் போனாள்.

அவள் சொன்னதை அவள் வீட்டுக்காரர் கேட்டாரா? அவரும் உங்களைப் போல அச்சை நம்புகிற ஜாதியாக இருந்தால், பெண்டாட்டி கண்ணால் பார்த்தது பெரிதா, பத்திரிகை பெரிதா? எனக்குத் தெரியாது. ஒரு கார்டாவது போடுவாள் என்று தபால் நேரத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மணி அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறான், எழுந்து போகிறான். எதிர்வீட்டு மாமி காலரியில் என்னைக் கண்டால் உள்ளே போய்விடுகிறாள். முன்பு விளக்கு வைத்தபிறகாவது அவன் பேசுவான், இப்போது அதுவும் இல்லை. ஆனாலும் போன ஞாயிற்றுக்கிழமை யாரோ கதவைத் தட்டியபோது மணி எழுந்திருக்கவில்லை. நான்தான் போய்த் திறந்தேன்.

இன்னொன்றை உங்களிடம் மறைக்க மாட்டேன். இந்த வீட்டில் உங்கள் பேச்சே கிடையாது. மணி வாயைத் திறக்க மாட்டான், தெரிந்தவர்கள் சங்கடப்பட்டுப் பேச்சை மாற்றுவார்கள். கதவைத் தட்டி, உங்கள் பெயரை முழுசாகச் சொல்லி, 'அவர் இருக்காரா' என்று ஆசையாகக் கேட்கிறவர்கள் அந்தப் பொய்யைப் படித்துவிட்டு வருகிறவர்கள் மட்டும்தான். அந்த ஒரு நிமிஷம், கதவு திறப்பதற்கு முன்னால், நீங்கள் இருக்கிறீர்கள். தட்டும் சத்தம் கேட்டால் என் மனசு ஓடுகிறது. அந்தப் படம் நின்றுவிட்டால் உங்களைத் தேடி இனி ஒருவரும் வரமாட்டார்கள்.

ஆனாலும் நிறுத்த வைப்பேன். இதை ஒரு பத்திரிகை போடாவிட்டால் இன்னொன்றுக்கு எழுதுவேன். அதுவரை தட்டுகிற ஒவ்வொருவருக்கும் நானே கதவைத் திறந்து, இந்த நெற்றியோடு எதிரே நிற்பேன். உங்களைக் கேட்டு ஒருவரும் வராத நாள் வருகிறவரை நிற்பேன். இது உங்கள்மேல் ஆணை.

இப்படிக்கு,
உங்களைத் தேடி வருகிறவர்களுக்கு உங்களுக்குப் பதிலாக எதிரே வருகிற
உங்கள் ஆம்படையாள்